ஒரு பிள்ளைக்கு இடமா, எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியா?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேசக் கூட்டம் போட்டால் பந்தல் நிரம்புகிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசலாம் என்றால், "இது சங்கத்துக்கு என்ன வேலை? வாத்தியார் பாடு, சர்க்கார் பாடு" என்று நம்மிலேயே சிலர் எழுந்து போகிறார்கள். அவர்கள் மேல் நாம் குறை சொல்லவில்லை. நாளெல்லாம் வெயிலில் நின்றவருக்கும் ராத்திரி ஷிப்டு பார்த்தவருக்கும் அலுப்பு இருக்கத்தான் செய்யும்.

ஆனால் கூலியும் பள்ளியும் இரண்டு விஷயங்களா என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு படிப்புப் போதும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? உங்கள் பிள்ளை நாளைக்கு யார் வயலில், என்ன கூலிக்கு வேலை செய்ய வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். இதை நாம் வெறும் வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. அமெரிக்க நாட்டில் பிழைப்புத் தேடிப் போன மெக்சிகோ கூலிக்காரர்களின் அனுபவம் இதற்குச் சாட்சி. அவர்கள் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்காக நடத்திய போராட்டத்தைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம்.

அமெரிக்கா என்றதும் வானளாவும் கட்டடங்களும் மோட்டார் கார்களும்தான் நம் கண்முன் நிற்கின்றன. அந்த நாட்டின் பழக்கூடைகளை நிரப்பிய கைகளைப் பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை. கலிபோர்னியா மாகாணத்தின் ஆரஞ்சுத் தோப்புகளிலும் எலுமிச்சைத் தோப்புகளிலும் காய் பறித்தவர்கள், பெட்டியில் அடுக்கியவர்கள், வாய்க்கால் வெட்டியவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த ஏழைகள். 1910-ஆம் ஆண்டு தொடங்கிய மெக்சிகப் புரட்சியின் உள்நாட்டுச் சண்டையில் வீடு வாசலை இழந்து, எல்லை தாண்டி வந்தவர்கள் அவர்களில் பலர். தோப்பு முதலாளிக்கு அவர்கள் வேண்டும். ஆனால் அவர்கள் பிள்ளைகள் தன் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவது மட்டும் அவனுக்கு வேண்டாம்.

எலுமிச்சைத் தோப்பில் நடந்தது

சான் டியாகோ நகரத்தின் அருகே லெமன் குரோவ் என்று ஓர் ஊர். எலுமிச்சைத் தோப்பு என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அங்கே ஒரே பள்ளிக்கூடம். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் மெக்சிகப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தே படித்து வந்தார்கள்.

1930-ஆம் ஆண்டு ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். பள்ளி போர்டு பேசியது, வர்த்தகர் சபை ஆதரித்தது. மெக்சிகப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடம் போடுவது என்று முடிவாயிற்று. எந்தப் பிள்ளைகளைப் பற்றிய முடிவோ அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1931-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி, விடுமுறை கழிந்து பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். தலைமை ஆசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகளை உள்ளே விட்டார். மெக்சிகப் பிள்ளைகள் 75 பேரையும், அதோ அந்தப் புதுக் கட்டடத்துக்குப் போங்கள் என்று கையைக் காட்டினார். இரண்டு அறை கொண்ட மரக்கட்டடம் அது. அதற்கு அந்த மக்கள் வைத்த பெயர் "குதிரை லாயம்".

பிள்ளைகள் லாயத்துக்குள் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினார்கள். பெற்றோர்கள் அக்கம்பக்கத்தார் கமிட்டி ஒன்றை அமைத்தார்கள். லாயம் திறந்தே கிடந்தது. ஏறக்குறைய ஒரு குடும்பமும் பிள்ளையை அனுப்பவில்லை.

அது எப்பேர்ப்பட்ட காலம் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பொருளாதார நெருக்கடியால் அமெரிக்கா முழுதும் வேலையில்லாத் திண்டாட்டம். "வேலையைப் பிடுங்க வந்தவர்கள்" என்று மெக்சிகர் மேல் பழியைப் போட்டு, லட்சக்கணக்கானவர்களை ரயிலிலும் லாரியிலும் ஏற்றி எல்லைக்கு அப்பால் தள்ளிக்கொண்டிருந்த காலம். அப்படித் தள்ளப்பட்டவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகளும் எத்தனையோ பேர். வாயைத் திறந்தால் நாட்டைவிட்டே துரத்தப்படலாம் என்ற பயம் ஒவ்வொரு குடிசையிலும் இருந்தது. அந்தப் பயத்தோடேதான் அந்தக் கூலிக்காரர்கள் கமிட்டி போட்டார்கள். மெக்சிகோவின் தூதரக அதிகாரியைக் கண்டு வக்கீல் உதவி பெற்றார்கள். கோர்ட்டில் பிராது கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கிற, ஆங்கிலம் நன்கு பேசுகிற ராபர்ட்டோ அல்வாரெஸ் என்ற சிறுவனின் பெயரில் வழக்கு நடந்தது.

போர்டு என்ன சொல்லிற்று? இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது, அவர்கள் நன்மைக்காகத்தான் தனிப்பள்ளி என்றது. நன்மை செய்கிறவன் ஏன் ரகசியமாகச் செய்தான் என்று யாரும் கேட்கத்தானே செய்வார்கள்! 1931 மார்ச்சு மாதம் ஜட்ஜ் தீர்ப்பு அளித்தார்: இப்படிப் பிரிக்கச் சட்டத்தில் இடமில்லை, பிள்ளைகளைப் பழைய பள்ளியிலேயே சேர்க்க வேண்டும். 75 பிள்ளைகளும் தங்கள் பெஞ்சுக்குத் திரும்பினார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பு அந்த ஊரோடு நின்றுவிட்டது. பக்கத்து ஜில்லாக்களில் மெக்சிகப் பள்ளி மெக்சிகப் பள்ளியாகவே இருந்தது. ஓர் ஊரின் வெற்றி மற்ற ஊர்களுக்குப் பரவ வேண்டுமென்றால், அந்த ஊர்கள் ஒன்றோடு ஒன்று கைகோக்க வேண்டும். அதற்கு இன்னும் பதினாலு வருஷம் ஆயிற்று.

ஆரஞ்சு ஜில்லா

கலிபோர்னியாவின் தெற்கே ஒரு ஜில்லாவுக்கு ஆரஞ்சு என்றே பெயர். மைல் கணக்கில் ஆரஞ்சுத் தோப்புகள். 1936-ஆம் ஆண்டு அங்கே காய் பறிக்கும் தொழிலாளர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியை உயர்த்து, சங்கத்தை ஒப்புக்கொள் என்பது அவர்கள் கோரிக்கை. ஜில்லாவின் ஷெரீப், அதாவது போலீஸ் தலைவர், தாமே ஒரு தோப்புச் சொந்தக்காரர். முதலாளிகளின் ஆட்களுக்கே அதிகாரப் பட்டை மாட்டித் துப்பாக்கியைக் கொடுத்தார். சுட்டுத் தள்ளவும் உத்தரவு போட்டார். நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் சிறையில் தள்ளப்பட்டார்கள்.

இதே ஜில்லாவில்தான் மெக்சிகப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளிகள் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தகப்பன் கூலி உயர்வு கேட்டால் துப்பாக்கி. பிள்ளை படிப்புக் கேட்டால் தனிக் கொட்டகை. மெக்சிகப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் வீட்டு வேலையும், ஆண்பிள்ளைகளுக்குக் கைவேலையுமே முக்கியப் பாடம். அக்ரோட்டுக் கொட்டை பறிக்கும் பருவம் வந்தால் மெக்சிகப் பள்ளிகளை மட்டும் அரைநாளாகக் குறைத்துவிட்ட இடங்களும் உண்டு. மத்தியானத்துக்கு மேல் பிள்ளைகள் தோப்பில் இருக்க வேண்டும் அல்லவா! தோப்பு முதலாளியின் அறுவடைக் கணக்குப்படி பள்ளி மணி அடித்தது. பள்ளியும் கூலியும் ஒரே விஷயம் என்று முதலில் சொன்னோமே, அதன் பொருள் இதுதான்.

இந்த ஜில்லாவில் கொன்சாலோ மெண்டஸ் என்று ஒருவர் இருந்தார். மெக்சிகோவில் 1913-இல் பிறந்து, ஆறு வயதில் தாயோடு எல்லை தாண்டி வந்தவர். வெஸ்ட்மின்ஸ்டர் என்ற சிற்றூரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். குடும்பம் பசிக்கவே படிப்பை விட்டுத் தோப்புக்குப் போனார். ஆரஞ்சு பறிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கூட இருந்தவர்கள் "சாம்பியன்" என்றே அழைப்பார்கள். அவர் மனைவி பெலிசிடாஸ், போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். 1926-இல் பருத்தி எடுப்பதற்கென்று தீவிலிருந்து அரிசோனாவுக்குக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கூலிக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. பஞ்சோடு பிழைக்கும் நம் மில் தோழர்களுக்கு அந்தப் பெண் அந்நியம் அல்ல.

இருவரும் பாடுபட்டுச் சாந்தா அனா நகரில் ஒரு சிறு சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். அப்போது இரண்டாவது உலகப் போர். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தார் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரை, குற்றம் ஒன்றும் இல்லாமலே, 1942 முதல் முகாம்களில் அடைத்து வைத்தார்கள். முனெமிட்சு என்ற விவசாயக் குடும்பம் அரிசோனாவில் போஸ்டன் என்னும் பாலைவன முகாமில் அடைபட்டது. வெஸ்ட்மின்ஸ்டரில் அவர்களுக்கு நாற்பது ஏக்கர் நிலம். அந்த நிலம் கைவிட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்ள நம்பிக்கையான குத்தகைதாரர் வேண்டியிருந்தது. மெண்டஸ் குடும்பம் குத்தகைக்கு எடுத்தது. அஸ்பரகஸ் என்ற தண்டுக் காய்கறிதான் அதில் பயிர். ஒரு ஏழைக் குடும்பத்தின் சிறைவாசத்தில் இன்னொரு ஏழைக் குடும்பம் லாபம் தேடவில்லை. போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது நிலம் அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது. வழக்கு நடத்த வேண்டிய பணமும் அந்த மண்ணின் விளைச்சலிலிருந்தே கிடைத்தது.

பள்ளி வாசலில்

பண்ணைக்குக் குடிவந்ததும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். கொன்சாலோவின் அக்காள் தங்கை முறையில் உடன்பிறந்தவரான சோலடாட் விடௌரி, தம் பெண்கள் இருவரையும், மெண்டஸின் பிள்ளைகள் மூவரையும் அழைத்துக்கொண்டு பதினேழாவது தெருப் பள்ளிக்குப் போனார்.

பள்ளியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்தார்கள். விடௌரியின் பெண்கள் சற்று வெளுத்த நிறம். பெயரும் மெக்சிகப் பெயராகக் காதில் படவில்லை. இவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மெண்டஸின் பிள்ளைகள் கறுத்தவர்கள்; பெயரும் மெக்சிகப் பெயர். இவர்கள் ஹூவர் பள்ளிக்குப் போகட்டும் என்றார்கள். ஹூவர் என்பது மெக்சிகப் பள்ளி.

தோழர்களே, இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்போம். அந்த அம்மாள் என்ன செய்திருக்கலாம்? நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்துவிட்டதே, அது போதும் என்று பெயரைப் பதிந்துவிட்டு, அண்ணன் தம்பியின் பிள்ளைகளை மட்டும் திருப்பி அழைத்துப் போயிருக்கலாம். உலகத்தில் நடப்பது பெரும்பாலும் அதுதானே! நம் ஊரிலும் நடப்பது அதுதானே! அந்த அம்மாள் அப்படிச் செய்யவில்லை. இவர்களுக்கு இடம் இல்லையென்றால் என் பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்று ஐந்து பேரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆளுபவர்கள் வழக்கமாகக் கையாளும் தந்திரம், வரிசையில் நிற்கிறவர்களில் இரண்டு பேரைப் பொறுக்கி உள்ளே விட்டு, மற்றவர்களின் வாயை அடைப்பது. அந்தத் தந்திரம் அன்று ஒரு கூலிக்காரத் தாயிடம் பலிக்கவில்லை.

ஹூவர் பள்ளி எப்படி இருந்தது என்பதை மெண்டஸின் மூத்த மகள் சில்வியா பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இரண்டு அறை மரக் கொட்டகை. பக்கத்தில் மாட்டுப் பண்ணை. நடுவே மின்சாரக் கம்பி வேலி. ஈ மொய்க்கும் இடத்தில் சாப்பாடு. விளையாட்டு மைதானம் கிடையாது. பஸ் பிள்ளைகளை வெள்ளைக்காரப் பள்ளியின் முன்னால் இறக்கிவிடும். அங்கே ஊஞ்சலும் மைதானமும் கண்ணில் படும். அதைப் பார்த்துக்கொண்டே இவர்கள் நடந்து மெக்சிகப் பள்ளிக்குப் போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் அந்த ஊஞ்சலுக்காகத்தான் சண்டை போடுகிறார்கள் என்று குழந்தையாக இருந்த தாம் நினைத்ததாகவும் சில்வியா சொல்கிறார்.

ஒரு குடும்பம் ஐந்து குடும்பமாயிற்று

மெண்டஸ் முதலில் கோர்ட்டுக்குப் போகவில்லை. பள்ளித் தலைவரைப் பார்த்தார்; போர்டைப் பார்த்தார்; ஊரில் உள்ள மெக்சிகப் பெற்றோரைக் கூட்டினார். பெற்றோர்கள் 1944-இல் போர்டுக்குக் கடிதம் கொடுத்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் புதுப்பள்ளி கட்டலாம் என்று போர்டு ஒரு பேச்சுப் பேசிற்று. அதற்குக் கடன் திரட்டும் யோசனை ஊர் வோட்டில் தோற்றது. போர்டு கையை விரித்துவிட்டது.

பிறகுதான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வக்கீல் டேவிட் மார்க்கஸைத் தேடிப் போனார்கள். அவர் யூதர். சான் பெர்னார்டினோ நகரத்தில் மெக்சிகரைப் பொதுப் பூங்காவிலும் நீச்சல் குளத்திலும் விடாமல் தடுத்ததை எதிர்த்து 1944-இல் வழக்காடி வென்றவர். ஒரு குடும்பத்துக்காக வழக்குப் போட்டால் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஏதாவது சலுகை கொடுத்து வழக்கை மூடிவிடுவார்கள். ஜில்லாவில் இதே அநீதி நடக்கும் மற்ற ஊர்களையும் சேர்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

வண்டியை எடுத்துக்கொண்டு கொன்சாலோ ஊர் ஊராகப் போனார். குடியிருப்புக் குடியிருப்பாக, வாசல் வாசலாக ஏறி இறங்கினார். பலர் தயங்கினார்கள். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வீடும் முதலாளியுடையதாயிற்றே என்று பயந்தார்கள். பயப்படாமல் என்ன செய்வார்கள்? 1936-இன் துப்பாக்கிகளை அவர்கள் மறந்திருப்பார்களா? அப்படியிருந்தும் நாலு குடும்பங்கள் துணிந்து வந்தன. வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து எஸ்திராடா, கார்டன் குரோவிலிருந்து பலோமினோ, சாந்தா அனாவிலிருந்து குஸ்மான், எல் மொடினாவிலிருந்து ராமிரெஸ். மெண்டஸோடு ஐந்து தகப்பன்மார்.

கொன்சாலோ வழக்குக்காக அலைந்த நாள்களில் பண்ணையை யார் நடத்தியது? பெலிசிடாஸ் நடத்தினார். நாற்பது ஏக்கர் விவசாயம், ஆள் வேலை, கணக்கு வழக்கு, வீட்டில் பிள்ளைகள் எல்லாம் அந்த அம்மாள் தலையில். அதோடு தாய்மார்களைத் திரட்டும் வேலையும் செய்தார். கோர்ட்டில் சாட்சிக் கூண்டிலும் ஏறினார். வழக்கின் தஸ்தாவேஜில் தகப்பன் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளின் உழைப்பு இல்லாமல் அந்த வழக்கு ஒரு மாதம்கூட ஓடியிராது. இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோர்ட்டில் வெளிப்பட்ட உண்மை

1945 மார்ச்சு 2-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் பெடரல் கோர்ட்டில் ஐந்து தகப்பன்மாரும் வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்காக மட்டும் அல்ல. நாலு பள்ளி வட்டாரங்களிலும் உள்ள சுமார் ஐயாயிரம் பிள்ளைகளுக்காக என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார்கள்.

ஜூலையில் விசாரணை. நிறத்தையோ இனத்தையோ பார்த்துப் பிரிக்கவில்லை, மொழிதான் காரணம் என்று பள்ளி அதிகாரிகள் வாதாடினார்கள். வக்கீல் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பிள்ளைகளுக்கு மொழிப் பரீட்சை வைத்தீர்களா? சரியாக வைக்கவில்லை. பிறகு எதைப் பார்த்துப் பிரித்தீர்கள்? பெயரைப் பார்த்து, முகத்தைப் பார்த்து. கார்டன் குரோவ் வட்டாரத்தின் பள்ளி அதிகாரி வாய்விட்டே சொல்லிவிட்டார்: மெக்சிகப் பிள்ளைகள் சுத்தத்திலும் திறமையிலும் பொருளாதார நோக்கிலும் தாழ்ந்தவர்கள் என்று. எல் மொடினாவிலிருந்து பதினாலு வயதுப் பெண் ஒருத்தி சாட்சி சொல்ல வந்தாள். நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். மொழிதான் காரணம் என்ற வாதம் அதோடு நொறுங்கிவிட்டது. அந்த எல் மொடினாவில் இரண்டு பள்ளிகளும் அடுத்தடுத்தே நின்றன. ஒன்று வெள்ளைக்காரருக்கு, ஒன்று மெக்சிகருக்கு!

ரால்ஃப் பீல்ஸ் என்ற மானிடவியல் பேராசிரியரும் சாட்சி சொன்னார். பிரித்து வைத்தால் பிள்ளை மொழியைக் கற்பது தடைப்படும், ஒருவர்மேல் ஒருவருக்கு வெறுப்பு வளரும் என்று விளக்கினார்.

1946 பிப்ரவரி 18-ஆம் தேதி ஜட்ஜ் பால் மக்கார்மிக் தீர்ப்புச் சொன்னார். கட்டடமும் புத்தகமும் சமமாக இருந்தால் மட்டும் சமத்துவம் ஆகிவிடாது. பிள்ளைகள் சேர்ந்து படிப்பதே பொதுக்கல்வியின் உயிர். பிரித்து வைப்பது, இல்லாத தாழ்வை இருப்பதாகப் பிள்ளை மனத்தில் பதிக்கிறது என்பது அவர் தீர்ப்பின் சாரம். அந்நாளில் அமெரிக்காவின் உச்ச கோர்ட்டு "தனித்தனி, ஆனால் சமம்" என்ற 1896-ஆம் வருஷத்துத் தீர்ப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. அதன் பெயரால்தான் கறுப்பின மக்களைத் தென் மாகாணங்களில் பள்ளியிலும் ரயிலிலும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டையின் அடிக்கல்லை ஐந்து தோட்டக்காரத் தகப்பன்மார்கள் அசைத்துவிட்டார்கள்.

பள்ளி வட்டாரங்கள் அப்பீலுக்குப் போயின. அப்போது மெக்சிகர் தனியே நிற்கவில்லை. கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம், யூதர்களின் காங்கிரஸ், முகாமிலிருந்து மீண்ட ஜப்பானிய வம்சத்தாரின் சங்கம், சிவில் உரிமைச் சங்கம் ஆகியவை ஆதரவு மனு தாக்கல் செய்தன. ஒரே தோப்பு முதலாளியும் ஒரே சட்டமும் எல்லாரையும் ஒதுக்கியபோது, ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள். 1947 ஏப்ரல் 14-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ அப்பீல் கோர்ட்டு பெற்றோர் பக்கமே தீர்ப்பளித்தது.

வெற்றியின் அளவையும் நாம் உள்ளபடி சொல்ல வேண்டும். அப்பீல் கோர்ட்டு பழைய 1896 தீர்ப்பைத் தொடவில்லை. மெக்சிகரைப் பிரிக்க மாகாணச் சட்டத்தில் அதிகாரம் இல்லை, ஆகவே பிரித்தது தவறு என்ற அளவில் நின்றது. சட்டத்தில் யாரைப் பிரிக்க இடம் இருந்தது? செவ்விந்தியர், சீனர், ஜப்பானியர் பிள்ளைகளை! அந்த அநியாயப் பிரிவுகளையும் அதே ஆண்டு ஜூனில் சட்டசபை நீக்கிற்று. கவர்னர் எர்ல் வாரன் கையெழுத்திட்டார். மெண்டஸ் கேட்டது மெக்சிகப் பிள்ளைகளுக்கு. கிடைத்தது சீனக் குழந்தைக்கும் ஜப்பானியக் குழந்தைக்கும் சேர்த்து. அதே வாரன், பின்னர் உச்ச கோர்ட்டின் தலைமை நீதிபதியாகி, 1954 மே 17-இல் நாடு முழுவதும் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அந்த வழக்கில் கறுப்பின மக்களுக்காக வாதாடியது, மெண்டஸ் அப்பீலில் ஆதரவு மனுப் போட்ட அதே சங்கத்தின் வக்கீல்கள்தான்.

சில்வியா வெள்ளைக்காரப் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே ஒரு பையன், உனக்கு இங்கே இடமில்லை என்றான். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, இனிப் போகமாட்டேன் என்றாள். எதற்காகப் போராடினோம் என்று உனக்குத் தெரியவில்லையா என்று தாய் கேட்டார். மறுநாள் சில்வியா பள்ளிக்குப் போனாள். வளர்ந்து நர்ஸாக உழைத்தார். 2011-இல் அமெரிக்க ஜனாதிபதி கையால் நாட்டின் உயர்ந்த சிவில் விருது பெற்றார். தகப்பனார் அதைக் காணவில்லை. அவர் 1964-இல் ஐம்பது சொச்சம் வயதிலேயே காலமாகிவிட்டார்.

வாசல் திறந்தது, பெட்டி திறக்கவில்லை

சட்டம் வாசலைத் திறந்தது. பணப்பெட்டி மூடியே இருந்தது. டெக்ஸாஸ் மாகாணத்தில் சான் அன்டோனியோ நகரம். எட்ஜ்வுட் என்ற வட்டாரம் மெக்சிக வம்சத் தொழிலாளர்கள் வாழும் இடம். அங்கே பள்ளிக்கூடங்கள் அந்தந்த வட்டாரத்தின் வீட்டு வரி, நில வரியைப் பெரிதும் நம்பி நடந்தன. மாளிகை உள்ள இடத்தில் வரி குவியும். குடிசை உள்ள இடத்தில் எவ்வளவு விகிதம் போட்டாலும் பெட்டி நிரம்பாது. எட்ஜ்வுட் தொழிலாளர்கள் பணக்கார வட்டாரத்தைவிட அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள். ஆனால் 1967-68-இல் அவர்கள் பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 356 டாலர். பணக்கார அலமோ ஹைட்ஸ் வட்டாரத்தில் பிள்ளைக்கு 594 டாலர்.

1968-இல் எட்ஜ்வுட் மாணவர்கள் பள்ளியைவிட்டு வெளியேறி மறியல் செய்தார்கள். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகடுவேலைத் தொழிலாளியும் மற்றப் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1973 மார்ச்சில் உச்ச கோர்ட்டு ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அவர்களைத் தோற்கடித்தது. அவர்கள் விடவில்லை. மாகாண கோர்ட்டில் மறுபடி போராடி, 1989-இல் டெக்ஸாஸ் உச்ச கோர்ட்டின் தீர்ப்பைத் தங்கள் பக்கம் பெற்றார்கள். வழக்கு தொடங்கியபோது பள்ளியில் இருந்த பிள்ளைகள் அதற்குள் தாங்களே பெற்றோர் ஆகிவிட்டார்கள்.

அதே மாகாணத்தில் டைலர் என்ற ஊர், ரோஜாத் தோட்டங்களுக்குப் பெயர் போனது. அரசாங்கச் சீட்டு இல்லாமல் வந்த கூலிக்காரர்களின் பிள்ளைகள் பள்ளியில் படிக்க வேண்டுமானால், தலைக்கு வருஷம் ஆயிரம் டாலர் கட்டு என்று 1977-இல் அந்த ஊர் போர்டு உத்தரவிட்டது. அந்தக் கூலிக்கு ஆயிரம் டாலர் எங்கே? நாலு குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போயின. யாரும் பார்க்காதபடி விடியற்காலை ஆறு மணிக்கே விசாரணை. கோர்ட்டு வாசலிலேயே பிடித்து நாடு கடத்திவிட்டால் என்ன செய்வது என்று, சட்டி பானை துணிமணி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே அவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1982-இல் உச்ச கோர்ட்டும் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது: தாய் தகப்பனிடம் சீட்டு இல்லை என்பதற்காகப் பிள்ளையின் பள்ளியை மூடக்கூடாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே! இந்த வரலாற்றிலிருந்து மூன்று விஷயங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, பள்ளியில் என்ன நடக்கிறது என்பது கூலிக்காரப் பெற்றோருக்குத் தெரியாமலே தீர்மானிக்கப்படுமானால் தீர்மானம் அவர்களுக்கு எதிராகவே இருக்கும். லெமன் குரோவில் நடந்தது அதுதான். நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அந்தக் குழு கூடுகிறதா? அதில் உங்கள் தெருவார் யார் இருக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்ளாமல் பள்ளியைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

இரண்டாவது, கோர்ட்டுத் தீர்ப்பு தானாக வரவில்லை. அதற்கு முன்னால் வாசல் வாசலாக ஏறி இறங்கிய கால்கள் இருந்தன. லாயத்துக்குப் பிள்ளையை அனுப்ப மறுத்த தாய்மார்கள் இருந்தார்கள். ஆள் திரளாத இடத்தில் சட்டப் புத்தகம் அலமாரியில்தான் தூங்கும்.

மூன்றாவதைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். இன்று நம் மில்களிலும் செங்கல் சூளைகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. அவர்கள் பிள்ளைகளுக்கு நம் மொழி தெரியாது. நம் பெயர்கள் அவர்களுக்குப் புதிது. இந்தப் பிள்ளைகள் வந்தால் நம் பிள்ளைகள் படிப்புக் கெட்டுப்போகும் என்று சொல்கிற குரல் நம் டீக்கடையிலும் கேட்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் போர்டும் இதையேதான் சொல்லிற்று. கூலிக்காரனின் வாயிலிருந்து அந்தப் பேச்சு வரலாமா?

சோலடாட் விடௌரி என்ற அந்தத் தாய், தம் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வந்தார். அதனால் அவருடைய பிள்ளைகள் எதையும் இழந்துவிடவில்லை. ஐயாயிரம் பிள்ளைகள் பெற்றார்கள். வரும் பள்ளிச் சேர்க்கை நாளில் உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துப் போகும்போது, சூளைக் கொட்டகையில் பள்ளிக்குப் போகாமல் நிற்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டு போங்கள். பள்ளியில் வாத்தியார் குறைவா, கழிப்பறை இல்லையா, தண்ணீர் இல்லையா, இரண்டு வீட்டாரும் சேர்ந்தே எழுதிக் கொடுங்கள். ஒருவர் கையெழுத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். ஊர் முழுவதும் போட்ட கையெழுத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.